மூவர் கேட்டால் ஒரு விலை, இருபது பேர் கேட்டால் வேறொரு விலை: இணைய ஏலங்களின் விளங்காத கணக்கு

1995ஆம் ஆண்டு செப்டம்பரில் பியர் ஒமிடியார் என்ற நிரலாளர், பின்னாளில் ஈபே என்று பெயர் மாறிய தம் இணையதளத்தில், வேலை செய்யாத லேசர் சுட்டுக்கருவி ஒன்றை, அது பழுதானது என்பதையும் குறிப்பிட்டே ஏலத்துக்கு விட்டார். அது 14.83 டாலருக்குப் போயிற்று. எடுத்தவர் விவரத்தைச் சரியாகப் படிக்கவில்லையோ என்று ஐயுற்று அவரிடமே கேட்டபோது, பழுதான லேசர் சுட்டுக்கருவிகளைச் சேகரிப்பது தம் வழக்கம் என்று பதில் வந்ததாம். அந்நிறுவனம் தன் தொடக்க காலத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சொல்லும் கதை இது.

இந்தக் கதையில் பகுத்தறிவுக்கு முரணானது எதுவும் இல்லை. ஒருவருக்குக் குப்பையாகத் தெரிவது இன்னொருவருக்குச் சேகரிப்பில் விடுபட்டிருந்த ஒன்றாக இருக்கலாம். ரசனைக்குக் கணக்கு கேட்க முடியாது. 2004இல், கன்னி மரியாளின் முகம் தெரிவதாகச் சொல்லப்பட்ட பத்தாண்டுப் பழைய சீஸ் சாண்ட்விச் ஒன்று ஈபேயில் 28,000 டாலருக்கு விலைபோனதும் அப்படித்தான். அதை எடுத்தது ஓர் இணையச் சூதாட்ட நிறுவனம். அத்தொகைக்கு உலகெங்கும் செய்தித்தாள்களில் அதன் பெயர் அடிபட்டது என்பதால், விளம்பரச் செலவு என்று பார்த்தால் அது மலிவு. விந்தையான பொருளுக்கு விந்தையான விலை கிடைப்பது செய்தியாகலாம், புதிராகாது. உண்மையான புதிர், எங்கும் கிடைக்கிற சாதாரணப் பொருளை, அதே பக்கத்தில் அதே நேரத்தில் அதைவிடக் குறைந்த விலைக்கு வாங்க வழி இருந்தும், மக்கள் போட்டி போட்டுக்கொண்டு கூடுதல் விலைக்கு எடுப்பது.

இதை ஆராய்ந்தவர்களுள் உல்ரிக்கே மால்மெண்டியரும் யங் ஹான் லீயும் கையாண்ட முறை எளிமையானது, அதனாலேயே மறுக்கக் கடினமானது. பணப்புழக்கத்தைக் கற்பிப்பதற்கென்று விற்கப்பட்ட ஒரு பலகை விளையாட்டை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2004இல் அதைச் சில்லறை விற்பனையாளர்கள் ஈபேயில் 129.95 டாலர் என்ற நிலையான விலைக்குத் தொடர்ந்து விற்றுக்கொண்டிருந்தனர். விரும்பியவர் எவரும் ஒரே சொடுக்கில் வாங்கிக்கொள்ளலாம். அதே தேடல் பக்கத்தில் அதே விளையாட்டு ஏலத்திலும் விடப்பட்டது. ஏலங்களில் 42 விழுக்காடு அந்த நிலையான விலையைத் தாண்டி முடிந்தன. அஞ்சல் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ முக்கால்வாசி ஏலங்கள் தாண்டின. வேறு பல பொருள்களை எடுத்துக்கொண்டு பார்த்தபோதும் 48 விழுக்காடு ஏலங்களில் இதே நிலைதான்.

இந்த எண்ணைப் படித்தவுடன் வாங்குவோரில் பாதிப் பேருக்குக் கணக்கு தெரியவில்லை என்று முடிவு கட்டத் தோன்றும். 2011இல் வெளியான அதே ஆய்வுக் கட்டுரையின் இன்னொரு எண் அந்த முடிவைக் கவிழ்த்துவிடுகிறது. ஏலம் கேட்டவர்களில் நிலையான விலைக்கு மேல் கேட்டவர்கள் 17 விழுக்காட்டினர் மட்டுமே. ஆறு பேரில் ஐந்து பேர் நிதானமாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனால் பொருள் அவர்கள் கைக்குப் போகவில்லை.

ஏல விலை எப்படிப் படிகிறது என்பதைப் பார்த்தால் இது விளங்கும். ஈபே போன்ற தளங்களில் நாம் இடுவது நம் உச்சத் தொகை. அதைத் தளம் மறைத்து வைத்துக்கொண்டு, மற்றவர் கேட்கக் கேட்க நம் சார்பில் சிறிது சிறிதாக ஏற்றிக் கேட்கும். ஒருவர் 50 டாலரும் இன்னொருவர் 80 டாலரும் உச்சமாக இட்டிருந்தால், பொருள் இரண்டாமவருக்கு 50 டாலரும் அதற்கு மேல் ஒரு சிறு படியும் என்ற விலைக்குப் போகும். அதாவது, விலையைத் தீர்மானிப்பவர் எடுத்தவர் அல்லர், அவருக்கு அடுத்து நின்று தோற்றவர். எனவே நிலையான விலையை ஏலம் தாண்ட வேண்டுமென்றால், அந்த விலைக்கு மேல் கேட்கத் துணிந்தவர்கள் குறைந்தது இருவர் தேவை. ஆறில் ஒருவர் அப்படிப்பட்டவர் என்றும், ஒவ்வொருவரும் தனித்தனியே முடிவெடுக்கிறார்கள் என்றும் வைத்துக்கொண்டு 17 விழுக்காட்டைப் போட்டுப் பாருங்கள். மூவர் மட்டுமே கேட்கும் ஏலத்தில் அப்படிப்பட்ட இருவராவது இருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 8 விழுக்காடு. எட்டுப் பேர் கேட்டால் அது 41 ஆகிறது. இருபது பேர் என்றால் 88. மனிதர்கள் மாறவில்லை, அவர்களின் அறிவும் மாறவில்லை. கூட்டம் மட்டுமே பெருகியிருக்கிறது. இந்தக் கணக்கு என்னுடைய எளிமைப்படுத்தல்தான் என்றாலும், எட்டுப் பேருக்குக் கிடைக்கும் எண் ஆய்வில் கண்ட 42க்கு அருகே வந்து நிற்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

ஆக, ஏலம் என்பது பொருளின் சராசரி மதிப்பைக் கண்டறியும் கருவி அன்று. கூட்டத்தில் அதை மிகையாக மதிப்பிடும் இருவரைத் தேடிப் பிடித்துத் தரும் கருவி. கடையில் ஒருவர் ஏமாந்தால் கடைக்காரருக்கு ஒரு விற்பனையில் கூடுதல் லாபம். மற்ற ஐவரும் சரியான விலைக்கே வாங்கிப் போவார்கள். ஏலத்திலோ நிதானமான ஐவரும் விலகிக்கொள்ள, ஏமாறக்கூடியவர் மட்டுமே எஞ்சி நிற்பார். பொருளியலார் இதன் உறவினமான ஒன்றை வென்றவரின் சாபம் என்பார்கள். 1971இல் அமெரிக்க எண்ணெய்த் துறைப் பொறியாளர்கள் மூவர் மெக்சிகோ வளைகுடா எண்ணெய் வயல் ஏலங்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் அந்தக் கருத்து முதலில் வடிவம் பெற்றது. வயலில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாதபோது, மிகுதியாக இருக்கிறதென்று தவறாக மதிப்பிட்ட நிறுவனமே ஏலத்தை எடுக்கும். எடுத்த பிறகுதான் இழப்பு தெரியும். பலகை விளையாட்டின் நிலை இதைவிட மோசம். எண்ணெய் பூமிக்கடியில் இருந்தது, 129.95 என்ற விலையோ அதே திரையில் இருந்தது.

அப்படியிருந்தும் அந்த ஆறில் ஒருவர் ஏன் அதைப் பார்க்கவில்லை? ஆய்வாளர்கள் தரும் விடை கவனக்குறைவு. ஏலம் முடிய நாள்கணக்கு ஆகிறது. தொடங்கும்போது நிலையான விலையை ஒருவர் பார்த்திருக்கலாம், ஆனால் உங்களை மிஞ்சி இன்னொருவர் கேட்டுவிட்டார் என்று மின்னஞ்சல் வந்தபிறகு அவர் திரும்பிப் பார்ப்பது அந்த ஏலத்தின் பக்கத்தை மட்டும்தான். இது பெரிதும் உண்மை என்றே கருதுகிறேன். ஆனால் கவனக்குறைவு என்ற சொல்லுக்குள் அடங்காத சான்றுகளும் உண்டு. 2011இலேயே வெளியான இன்னொரு ஆய்வு, அமேசான் பரிசுச் சீட்டுகள் ஈபேயில் ஏலம் போனதைப் பார்த்தது. பரிசுச் சீட்டின் மதிப்பு அதன் முகத்திலேயே அச்சாகியிருக்கிறது. 50 டாலர் சீட்டுக்கு 50 டாலருக்கு மேல் யாரும் கொடுக்கத் தேவையில்லை, ஏனெனில் அதை வழங்கும் தளத்திலேயே 50 டாலருக்கு அது கிடைக்கும். இருந்தும் 41 விழுக்காடு ஏலங்கள் முகமதிப்பைத் தாண்டி முடிந்தன. இவர்களில் சிலர் வேறு எங்கும் செலவழிக்க முடியாமல் இணையக் கணக்கில் தங்கிவிட்ட பணத்தைக் கரைத்திருக்கலாம். திருடிய கணக்கைக் கொண்டு வாங்கியவர்களும் இருக்கலாம். ஆனாலும் பணத்தை அதைவிட அதிகப் பணம் கொடுத்து வாங்கிய அனைவரையும் இப்படி விளக்கிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஏலம் கேட்கும் மனத்தில் நடப்பவை இரண்டு. முதலாவது, கைக்கு வருமுன்பே வந்துவிட்ட உடைமை உணர்வு. தமக்குச் சொந்தமான பொருளை மக்கள் கூடுதலாக மதிக்கிறார்கள் என்பதைக் கானமன், நெட்ச், தேலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் காபிக் குவளைகளை வைத்து நடத்திய, 1990இல் வெளியான சோதனைகள் காட்டின. ஏலத்தில் மூன்று நாள் முன்னணியில் இருந்தவருக்கு அப்பொருள் ஏறத்தாழ தம்முடையதாகிவிடுகிறது. அதன் பிறகு ஒருவர் மிஞ்சிக் கேட்டால், அவருக்கு அது கிடைக்காமற் போகும் பொருளாகத் தெரிவதில்லை, பறிபோகும் பொருளாகத் தெரிகிறது. தளங்கள் ஏலம் எடுத்ததை வெற்றி என்றும் மிஞ்சப்பட்டதைத் தோல்வி என்றும் பேசுவதும் இதற்குத் துணைபோகிறது. கடையில் அரிசி வாங்கியவரை யாரும் வென்றீர்கள் என்று வாழ்த்துவதில்லை. இரண்டாவது, எதிராளி. முகம் தெரியாத, பாதி மறைக்கப்பட்ட ஒரு பயனர் பெயர் நம்மை மிஞ்சும்போது கேள்வி பொருளைப் பற்றியதாக இல்லாமல் அந்த ஆளைப் பற்றியதாக மாறிவிடுகிறது. வீம்புக்குக் கேட்பது என்று நாம் இயல்பாகச் சொல்வது இதைத்தான்.

விற்பவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். மிகக் குறைந்த ஆரம்ப விலை வைத்தால் கடைசியில் விலை குறைந்துவிடும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. பலர் போட்டியிடும் பொருள்களில் இதற்கு எதிரானதே நடக்கிறது. குறைந்த தொடக்கம் பலரை உள்ளே இழுக்கிறது. உள்ளே வந்தவர்கள் நேரத்தையும் எதிர்பார்ப்பையும் போட்டுவிட்டதால் வெளியேறத் தயங்குகிறார்கள். ஏற்கெனவே பலர் கேட்டிருப்பதைக் கண்டு புதியவர்களும் சேர்கிறார்கள். உரி சைமன்சோனும் டான் ஏரியலியும் ஈபேயில் திரைப்பட வட்டுகளின் ஏலங்களை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட கட்டுரை, இந்தக் கடைசிக் கண்ணியைத் தெளிவாகக் காட்டியது. ஒரே விலையில் நிற்கும் இரண்டு ஏலங்களில், ஒன்று குறைவாகத் தொடங்கிப் பலர் கேட்டு ஏறியது, மற்றது அந்த விலையிலேயே தொடங்கி இன்னும் யாரும் கேட்காதது என்றால், மக்கள் முதலாவதையே நாடினார்கள். கேட்டவர்களின் எண்ணிக்கை பொருளின் தரத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, தொடக்க விலை குறைவு என்பதை மட்டுமே சொல்கிறது. ஆனால் ஆள் நிறைந்த உணவகத்தில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று நம்பி நுழைவது போலக் கூட்டத்தையே சான்றாகக் கொள்கிறார்கள். போட்டி மிகுந்த ஏலத்தில் சேர்ந்தவருக்குக் கிடைப்பது குறைந்த வெற்றி வாய்ப்பும் கூடுதல் விலையும்தான்.

இதே பலவீனத்தைக் குறுக்கு வழியில் சுரண்டுவதும் உண்டு. விற்பவரே வேறு கணக்குகளிலிருந்தோ நண்பர்களை வைத்தோ கேட்டு விலையை ஏற்றுவது பழைய ஏலக் கூடங்களிலும் இருந்த மோசடி. இணையத்தில் அதற்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. தளங்கள் இதைத் தடைசெய்கின்றன, பல நாடுகளில் சட்டமும் தடைசெய்கிறது. ஆனாலும் மறைந்திருக்கும் உச்சத் தொகைக்குச் சற்றுக் கீழே வந்து நின்றுவிடும் ஒரு போலி ஏலக் கேள்வியை உண்மையான ஏலக் கேள்வியிலிருந்து பிரித்தறிவது கடினம்.

அஞ்சல் செலவு இன்னொரு மறைவிடம். தன்சீம் ஹுசைனும் ஜான் மோர்கனும் ஈபேயில் இசைவட்டுகளையும் காணொளி விளையாட்டு வட்டுகளையும் தாங்களே விற்றுப் பார்த்தார்கள். ஒரு பிரிவில் ஆரம்ப விலை 4 டாலர், அஞ்சல் இலவசம். மற்றதில் ஆரம்ப விலை ஒரு சென்ட், அஞ்சலுக்கு 3.99 டாலர். வாங்குபவர் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சத் தொகை இரண்டிலும் ஒன்றே. ஆனால் இரண்டாவது வகைக்குக் கூடுதல் பேர் வந்தார்கள், சீக்கிரமே வந்தார்கள், விற்றவருக்கு மொத்தத்தில் கூடுதல் பணம் கிடைத்தது. மனம் விலையை ஒரு பையிலும் அஞ்சலை இன்னொரு பையிலும் போட்டுக்கொண்டு, முதற்பையை மட்டுமே எண்ணிப் பார்க்கிறது. தேடல் முடிவுகளில் அஞ்சல் செலவையும் சேர்த்த மொத்த விலையைக் காட்டினால் இந்த உத்தியின் பலம் பெரிதும் போய்விடும்.

கடைசி நொடிகளில் நடக்கும் அடிதடியையும் பலர் பைத்தியக்காரத்தனம் என்கிறார்கள். ஏழு நாள் ஓடும் ஏலத்தில் ஆறேமுக்கால் நாள் அமைதி, கடைசி நிமிடத்தில் ஏலக் கேள்விகள் மழையாகக் கொட்டும். பொருளியலார் வில்லியம் விக்ரி 1961இல் காட்டியபடி, எடுத்தவர் இரண்டாவது உயர்ந்த தொகையைக் கொடுத்தால் போதும் என்ற விதி இருக்கும்போது, தாம் மனமாரத் தரக்கூடிய தொகையை முதலிலேயே இட்டுவிட்டு வேறு வேலையைப் பார்ப்பதே சிறந்தது. நேரத்தால் பயன் இல்லை. ஆனால் எல்லோரும் அப்படி நடந்துகொண்டால்தான் இந்த அறிவுரை முழுமையாகப் பொருந்தும். முன்னணியில் இருக்கும் அளவுக்கு மட்டும் கேட்டு, மிஞ்சப்படும்போதெல்லாம் கொஞ்சம் ஏற்றுகிறவர்கள் எதிரே இருந்தால், அவர்களுக்கு மறுபடி ஏற்ற நேரம் கொடுக்காமல் கடைசி நொடியில் கேட்பதே சரியான உத்தி. ஆல்வின் ராத், ஆக்செல் ஓக்கன்ஃபெல்ஸ் இருவரும் 2002இல் வெளியிட்ட ஒப்பீடு இதை உறுதிப்படுத்தியது. ஈபே ஏலங்கள் குறித்த நொடியில் முடிந்துவிடும். அன்று அமேசான் நடத்திவந்த ஏலங்களிலோ கடைசிக் கேள்விக்குப் பிறகு பத்து நிமிடம் யாரும் கேட்காதிருந்தால்தான் முடியும். ஈபேயில் கணினி ஏலங்களில் 40 விழுக்காட்டிலும் பழம்பொருள் ஏலங்களில் 59 விழுக்காட்டிலும் கடைசிக் கேள்வி இறுதி ஐந்து நிமிடங்களில் வந்தது. அமேசானில் அது ஏறத்தாழ 3 விழுக்காடு. ஈபேயில் அனுபவம் கூடக்கூட இன்னும் தாமதமாகக் கேட்டார்கள், அமேசானில் இன்னும் முன்னதாக. ஆகவே இது வெறி அன்று, பாடம் கற்றவர்களின் நிதானம். அமேசானின் விதி, ஏலம் விடுபவர் 'ஒரு தரம், இரண்டு தரம்' என்று இழுத்துச் சொல்லி இன்னொரு கேள்விக்கு இடம் விடுகிறாரே, அதன் இணைய வடிவம்.

விதியை மாற்றினால் நடத்தை எவ்வளவு மாறும் என்பதற்கு மிகக் கொடிய எடுத்துக்காட்டு, ஒவ்வொரு கேள்விக்கும் கட்டணம் வாங்கிய சென்ட் ஏலங்கள். 1971இல் பொருளியலார் மார்ட்டின் ஷூபிக் ஒரு டாலர் தாளை ஏலம் விடும் விளையாட்டு ஒன்றை எழுதினார்: எடுத்தவர் தம் தொகையைக் கொடுத்துத் தாளைப் பெறுவார், இரண்டாமவரும் தம் தொகையைக் கொடுக்க வேண்டும், ஆனால் அவருக்கு எதுவும் கிடைக்காது. இதை விளையாடியவர்கள் ஒரு டாலரைத் தாண்டியும் கேட்டுக்கொண்டே போனார்கள், ஏனெனில் ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்துவதைவிட இன்னும் சிறிது ஏற்றுவது குறைந்த நட்டமாகத் தெரிந்தது. ஜெர்மனியில் தோன்றிய ஸ்வூப்போ என்ற தளம் இதையே தொழிலாக்கியது. ஒரு கேள்விக்கு 60 சென்ட் கட்டணம், ஒவ்வொரு கேள்வியும் விலையை ஒரு சென்ட் ஏற்றி, கடிகாரத்தைச் சில நொடிகள் நீட்டிக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கணினி 50 டாலருக்குப் போயிற்று என்று அறிவிப்பு வந்தால் பார்ப்பவர் வாயைப் பிளப்பார். ஆனால் அதற்குள் 5,000 கேள்விகள் நடந்திருக்கும், தளத்துக்குக் கட்டணமாக மட்டும் 3,000 டாலர் சேர்ந்திருக்கும். பொருளியலார் நெட் ஆகன்பிளிக் 1,66,000 ஏலங்களின் தரவுகளைக் கொண்டு கணக்கிட்டபோது தளத்தின் சராசரி லாப விகிதம் 50 விழுக்காட்டைத் தாண்டியது. இவ்வளவு கேட்டாகிவிட்டது, இப்போது விட்டால் போட்டதெல்லாம் வீண் என்ற எண்ணமே அந்த லாபத்தின் ஊற்று. ஸ்வூப்போ 2011இல் திவாலானது.

அடிமாட்டு விலைக்கு முடியும் ஏலங்களுக்கு இவ்வளவு நீண்ட விளக்கம் தேவையில்லை. மேலே சொன்ன கணக்கின் மறுபுறம்தான் அது: பொருளை உயர்வாக மதிக்கும் இரண்டாவது ஆள் வரவில்லை. தலைப்பில் எழுத்துப்பிழை இருந்தால் தேடியவர் கண்ணில் படாது. பலர் உறங்கும் நேரத்தில் முடிந்தால் கடைசி நேரப் போட்டி இருக்காது. எழுத்துப்பிழைகளைத் தேடித் தருவதற்கென்றே கருவிகள் உண்டு. ஒரே பொருள் இரு விற்பனையாளர்களிடம் இரு விலைக்குப் போவதில் ஒரு பகுதி நம்பிக்கையின் விலை. 2006இல் வெளியான சோதனை ஒன்றில், பழைய அஞ்சலட்டைகளை ஒரே ஆள் தம் நீண்டகால நற்பெயர் கொண்ட கணக்கிலும் புதிய கணக்குகளிலும் விற்றபோது, முதலாவதுக்கு 8.1 விழுக்காடு கூடுதலாகக் கிடைத்தது. இதை மடமை என்று சொல்ல மாட்டேன்.

விலைப் புதிர்களாகச் செய்தியில் வருபவற்றில் கணிசமானவை விலைகளே அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பழைய ஒளிநாடாவுக்கோ பிழையாக அச்சான நாணயத்துக்கோ யாரோ பல்லாயிரம் டாலர் கேட்டிருப்பதைக் காட்டி, பரணில் இருப்பதைத் தேடுங்கள் என்பார்கள். அது விற்பவர் எழுதி வைத்த எண். அந்த விலைக்கு வாங்க ஆள் வந்ததா என்பது வேறு கேள்வி. முடிந்த ஏலங்களிலும் விளையாட்டுக்கு உச்சமாகக் கேட்டுவிட்டுப் பணம் கட்டாமல் மறைந்தவர்கள் உண்டு. விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி ஈபேயிலேயே இருக்கிறது. அதைச் சொடுக்கினால் பெரும்பாலான புதையல்கள் சில டாலர்களாகச் சுருங்கிவிடும்.

இணைய வணிகத்தின் தொடக்க ஆண்டுகளில் கோலோச்சிய ஏலம் இன்று ஈபேயிலும் சிறுபான்மை. பெரும்பாலான விற்பனை நிலையான விலையிலேயே நடக்கிறது. எங்கும் கிடைக்கும் புதிய பொருளுக்கு விலை ஒப்பிடுவது எளிதாகிவிட்டதும், ஒரு வாரம் காத்திருக்கும் பொறுமை போய்விட்டதும் காரணங்கள். ஏலம் தங்கிநிற்பது பயன்படுத்திய பொருள்களிலும், இன்னொன்று கிடைக்காத அரும்பொருள்களிலும்தான். பலகை விளையாட்டின் பக்கத்தில் 129.95 என்ற எண் இருந்ததால்தான் மிகையாகக் கொடுத்தவர்கள் யார் என்று ஆய்வாளர்களால் எண்ண முடிந்தது. ஒற்றைப் பொருளின் பக்கத்தில் அப்படி ஓர் எண் இல்லை என்பதால், அங்கே எடுத்தவர் எவ்வளவு அதிகம் கொடுத்தார் என்பதை அவரும் அறிய மாட்டார், கணக்கெடுப்பவரும் அறிய மாட்டார்.